காய்ச்சல் கண்ட சுவர்

“சுவத்துக்கு மூணு மணிக்குத்தான் காய்ச்சல் வரும்” என்றார் பெரியகருப்பன். “இப்பத் தொட்டா ஒண்ணும் தெரியாது.”

மதலைமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்து. சுவரிலிருந்து உள்ளங்கையை எடுத்தார். சுண்ணாம்பு குளிர்ந்தே இருந்தது.

“அப்ப டாக்டர் மூணு மணி வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்” என்று முணுமுணுத்தான் பாரூக். “தெர்மாமீட்டர் கொண்டு வரலையேண்ணே.”

திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடை மாடியில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டுத் துப்பறியும் தொழில் நடத்துகிறவர் மதலைமுத்து. இரண்டாவது நாற்காலி முகமது பாரூக்குடையது. அதற்கு முன்னால் அவன் பேகம்பூரில் கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டிக்கொண்டிருந்தான். வயரைப் பல்லாலேயே சீவுவான். பேய் என்றால் மட்டும் நாக்கு உலர்ந்துவிடும். மதலைமுத்து நேர் எதிர். அவருக்குப் பேயைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் மின்சார சுவிட்சைக் குடைக் கைப்பிடியால்தான் தட்டுவார்.

அவர்களைக் கன்னிவாடிக்கு வரவழைத்தது ஒரு தபால் கார்டு. எழுதியவள் சண்முகவள்ளி, இந்த வீட்டுக்காரர் பொம்மையனின் இரண்டாம் மனைவி. வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அவளுடைய தகரப் பெட்டி வாசற்படி ஓரம் கட்டித் தயாராக இருந்தது. மூன்றரை மணிக்குப் பழனி பஸ். அதில் அவளைப் பாலசமுத்திரத்துக்கு, பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது.

அனுப்பச் சொன்னது செத்துப்போனவள்.

முதல் மனைவி சிவனம்மாள் மூன்று வருஷத்துக்கு முன் குளிர்காய்ச்சலில் இறந்தாள். அவளுடைய சேலையை மூங்கில் பெட்டியில் வைத்து, வீட்டுச் சாமியாகக் கும்பிட்டு வந்தார்கள். பெட்டிக்கு முன்னால் இரவும் பகலும் ஒரு மின்சார பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம்கூட அதை யாரும் அணைக்கக் கூடாது. செத்தவள் உத்தரவு கொடுத்த பிறகுதான் புது மனைவி அந்தச் சாமி அறைக்குள் காலெடுத்து வைக்கலாம்.

உத்தரவு வரவில்லை. கல்யாணமான எட்டாம் நாள் மூன்று மணிக்குப் பல்பு மங்கியது. பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவர் காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரி சுட்டது. தலைமுடி பொசுங்கும் வாடை வந்தது. அன்றிலிருந்து தினமும் அதே நேரம். சிவனம்மாள் கண்ணை மூடியதும் பகல் மூன்று மணிக்குத்தான்.

“என் தங்கச்சி மனசு ஒப்பலை” என்றார் பெரியகருப்பன். இறந்தவளின் அண்ணன். தங்கை போன பிறகும் இங்கேயே தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். உதட்டில் சுருட்டு; காது இடுக்கில் ஓர் எரிந்த தீக்குச்சி. “இந்தப் புள்ள மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா அவ இருக்கச் சொல்லலையே. நான் என்ன செய்ய?”

“அவங்க கையெழுத்துப் போட்டு ஏதாச்சும் குடுத்தாங்களா?” என்றான் பாரூக்.

“ஏலே, வாயி இருக்குன்னு பேசாத. மூணு மணிக்கு நீயே உள்ள நின்னு பாரு.”

பாரூக் ஓர் அடி பின்வாங்கினான். “நான் வெளிய நின்னே நல்லாப் பார்ப்பேன்.”

மதலைமுத்து சாமி அறை வாசலுக்கு வந்தார். சண்முகவள்ளி நிலைக்கு வெளியே நின்றிருந்தாள். ஐந்து மாதமாக அவள் நிற்கும் இடம் அதுதான்.

“அந்த நேரம் வீட்ல யார் யார் இருப்பாங்க, தாயி?”

“நானும் அக்காவோட அண்ணனுந்தானுங்க. என்ற வீட்டுக்காரரு மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போயிருவாருங்க. மூணரைக்கு வருவாரு. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கும். வந்து கட்டில்ல சாஞ்சா அப்புறம் பேச்சே இருக்காதுங்க.”

“தோட்டத்துச் சேத்தைக் கழுவிட்டுத்தான் உள்ள வருவாரா?”

அவள் சற்று யோசித்தாள். “சேறு இருந்தாத்தானுங்க கழுவோணும்? வந்த நாள்ல இருந்து இந்த வீட்டு வாசல்ல நான் சேத்துத் தடம் தொடைச்சதில்லீங்க.”

மதலைமுத்து குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

அறைக்குள் பாரூக் பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பேய் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்ததால் தைரியமாக இருந்தான்.

“அண்ணே, இங்க வாங்க. இந்த வயர் பல்போட நிக்கலை.”

நூல் சுற்றிய முறுக்கு வயர் ஒன்று பல்பு ஹோல்டரிலிருந்து கிளம்பிச் சுவரோரமாக இறங்கிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த ஓட்டைக்குள் போனது. அதன்மேல் சுண்ணாம்பு அடித்திருந்ததால் சட்டென்று கண்ணில் படாது. ஓட்டை வாயில் கடைக்காரர் கட்டிய அட்டைத் துண்டு இன்னும் தொங்கியது. பாரூக் கட்டைவிரலால் சுண்ணாம்பைத் தேய்த்தான். இரண்டு எண்கள் தெரிந்தன: 250 வோல்ட், 5 ஆம்பியர்.

“நல்ல வயருதான்” என்றார் பெரியகருப்பன். “இருநூத்தம்பது தாங்கும்னு போட்டிருக்கு. நம்ம வீட்டுக்கு வாரது இருநூத்து முப்பதுதானே?”

“எல்லாரும் அந்த மொத நம்பரோட நின்னுர்றீங்க” என்றான் பாரூக். “அது வயரு மேல இருக்குற ரப்பருக்குண்ணே. உள்ள ஓடுற கரண்டு வெளிய பாயாம எம்புட்டு அழுத்தம் வரைக்கும் புடிச்சு வைக்கும்னு சொல்லுது. அதுல குறையில்ல. ரெண்டாவது நம்பரு உள்ள இருக்குற செம்புக்கு. எம்புட்டுச் சுமை தூக்கும்னு சொல்லுது. அஞ்சுதான். அதுக்கு மேல ஏத்துனா வயரு கொதிக்கும்.”

“இந்தப் பல்பு எவ்வளவு தூக்கச் சொல்லுது?” என்று கேட்டார் மதலைமுத்து.

“நாப்பது வாட்டு. ஒரு ஆம்பியர்ல அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல. இந்த வயருக்குத் தலையில பூ வச்ச மாதிரி, கனமே தெரியாது.”

“அப்ப கொதிக்காது.”

“கொதிக்காது. இந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் யாரும் எதையும் மாட்டாத வரைக்கும்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியகருப்பனின் சுருட்டு அணைந்திருந்தது.

விளக்கு அணையாதபடி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்காமலே இடுக்கில் உற்றுப் பார்த்த பாரூக் விசிலடித்தான். மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் வேலி கட்டுகிற தடித்த கம்பி.

“இதைப் போட்டவன் வீட்டைக் கொளுத்தணும்னே போட்டிருக்கான்.”

“நான்தான் போட்டேன்” என்றார் பெரியகருப்பன் மெதுவாக. “அஞ்சு மாசத்துக்கு முன்னால அடுத்தடுத்து ரெண்டு நாளு ஃபியூஸ் போச்சு. வெளக்கு அணைஞ்சு போகுதேன்னு...” அவர் முடிக்கவில்லை. “செத்த இருங்க. நான் போயி பஸ்ஸுக்குப் பெட்டி தூக்க ஆள் சொல்லிட்டு வாரேன்.” விடுவிடுவென்று தெருவுக்கு நடந்தார்.

“ஆளு ஆப்ட்டுக்கிட்டான்” என்றான் பாரூக், அவர் முதுகைப் பார்த்தபடி. “தங்கச்சி போயிருச்சு. புதுப் பொண்டாட்டி நிலைச்சுட்டா மச்சான் வீட்டுல இவருக்கு என்ன வேலை? சுவத்தைச் சுட வச்சுப் பொண்ணை விரட்டுறாரு. கேஸ் முடிஞ்சுது, டீ குடிக்கலாம்.”

“சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துட்டுக் குடிக்கலாம்.”

அந்தப் பக்கம் ஒரு சாமான் அறை. வாசல் கொல்லைப்புறம். கதவில் பெரிய பூட்டு.

“திண்டுக்கல் பூட்டு. நம்ம மாடிக்குக் கீழ பண்ணுனதா இருந்தாலும் இருக்கும்” என்றான் பாரூக். “ஹேர்பின்னுக்கெல்லாம் மசியாது.”

ஜன்னல் மசிந்தது. ஒரு கதவை மட்டும் தள்ளி, கம்பிகளுக்கு இடையே எட்டிப் பார்த்தார்கள். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் ஒரு கட்டம் போல உள்ளே விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு கயிற்றுக் கட்டில். அதன்மேல் நான்காக மடித்த கம்பளி. கட்டிலுக்கு எதிரே இரும்புக் கூண்டுக்குள் சுருள் கம்பிகள் ஓடும் ஒரு மின்சார ஹீட்டர்.

“கொடைக்கானல் சாமான்” என்றான் பாரூக். “துரைமாரு பங்களாவுல குளிருக்கு வைப்பாங்க. கன்னிவாடியில பங்குனி மாசத்துல இதை வச்சா மனுசன் அப்பளமாயிருவான்.” கூண்டின்மேல் இருந்த பித்தளைத் தகட்டைக் கண்ணைச் சுருக்கிப் படித்தான். “230 வோல்ட், 2000 வாட். வாட்டை வோல்ட்டால வகுத்தா ஆம்பியர். கிட்டத்தட்ட ஒம்பது. அஞ்சு தூக்குற வயரு தலையில ஒம்பது! பல்பு மங்காம என்ன செய்யும்? வர்ற வழியிலயே பாதித் தெம்பு போயிருதே.”

“சுவர் ஏன் அந்த ஒரு இடத்துல மட்டும் சுடுது?”

“அங்க பாருங்க, ஓட்டைக்குள்ள. மிச்ச வயரைக் கட்டுக் கட்டாச் சுருட்டித் திணிச்சு வச்சிருக்காங்க. நீட்டி விட்டாலாவது காத்துல ஆறும். சுருட்டி அடைச்சா ஒண்ணையொண்ணு அவிச்சுக்கிட்டுக் கெடக்கும். முடி வாடைன்னாங்களே, அது ரப்பரு.” பாரூக் பெருமூச்சு விட்டான். “அம்புட்டுதாண்ணே பேயி. நானும் வீணாப் பயந்தேன்.”

மதலைமுத்து ஹீட்டரைப் பார்க்கவில்லை. தரையோரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வயரின் முனையில் ஒரு சின்ன ப்ளக் பெட்டி. ஹீட்டர் வயரின் நுனியில் அதில் செருகும் முள் கட்டை இல்லை. செம்பு நுனிகளை அப்படியே துவாரங்களில் செருகி, நழுவாமல் இருக்கத் தீக்குச்சி அடைத்திருந்தார்கள். குச்சிகளின் தலையில் மருந்து சிவப்பாக அப்படியே இருந்தது.

“பாரூக்கு, அந்தப் பக்கச் சுவத்துல பெருசா ஒரு ப்ளக் இருக்கே, அது என்ன?”

“பதினஞ்சு ஆம்பியர் பாயிண்டு. தனியாத் தடி வயரு போட்டு வந்திருக்கு. இந்த ஹீட்டருக்குன்னே வச்சது. அதுல மாட்டியிருந்தா சுவரும் சுடாது, பல்பும் மங்காது.”

“அதுமேல ஒட்டடை.”

“ஆமா.” பாரூக் தலையைச் சொறிந்தான். “கையெட்டுற தூரத்துல நல்ல பாயிண்டு இருக்கு. அதை விட்டுட்டுச் சுவத்தைக் குடைஞ்சு, சாமி வெளக்கு வயர்ல மாட்டியிருக்கான். சரியான மடையன். இருங்க, இப்பவே புடுங்கிப் போட்டுர்றேன்.”

“வேண்டாம். புடுங்குனா வயர் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டான். அந்தப் பொண்ணு மேல இருக்குற பழி அப்படியே இருக்கும். மூணு மணி ஆகட்டும்.”

“அண்ணே, ஒம்பது ஆம்பியர்ணே. அஞ்சு மாசமா வெந்த ரப்பரு. ஃபியூஸும் இல்ல.”

“அஞ்சு மாசம் தாங்கினது இன்னிக்கு ஒரு நாள் தாங்காதா?”

பின்னால் பல தடவை மதலைமுத்து அந்த வார்த்தைக்காக வருத்தப்பட்டார்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பொம்மையன் கூடத்துக்கு வந்தார். நாற்பது வயது, அறுபது வயதுக்காரரின் நடை. “மோட்டார் போட்டுட்டு வந்துர்றேங்க” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வாசலில் இருந்த தகரப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பெரியகருப்பன் இன்னும் திரும்பவில்லை.

மதலைமுத்து குடைக் கைப்பிடியால் கூடத்து பல்பைப் போட்டார். இப்போது இரண்டு விளக்குகள் எரிந்தன. கூடத்தில் ஒன்று, சேலைப் பெட்டிக்கு முன்னால் ஒன்று.

சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

கூடத்து பல்பு அப்படியே இருந்தது. பெட்டிக்கு முன்னால் இருந்தது மட்டும் மஞ்சளாக, பிறகு சிவப்பாக மங்கியது. யாரோ அதன் முன்னால் வந்து நின்ற மாதிரி. காரணம் தெரிந்தும் பாரூக் மதலைமுத்துவின் முழங்கையைப் பிடித்தான்.

“வயருதான். வெறும் வயருதான். ஆம்பியருதான்” என்று ஓதிக்கொண்டிருந்தான்.

பத்து நிமிஷம் போயிற்று. சுவரில் சூடு ஏறியது. மதலைமுத்து உள்ளங்கையை வைத்தார். தெரிந்த காரணம் எதுவும் அந்தக் கைக்கு எட்டவில்லை. உயிருள்ள ஒரு நெற்றியைத் தொட்டது போலவே இருந்தது.

அப்போது வாடை வந்தது. வழக்கத்தைவிடக் கனமாக. மூங்கில் பெட்டிக்குப் பின்னால் இருந்து ஒரு நூல் புகை எழுந்து சேலையின் விளிம்பைச் சுற்றியது.

“பத்திக்கிச்சு!” பாரூக் கத்தினான். “சுவிட்சை அணைங்க! அணைச்சாத்தான் வயரைத் தொட முடியும்!”

சுவிட்ச் அறைக்குள் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. சந்தனமும் குங்குமமும் அப்பி, மூன்று வருஷமாக யாரும் தொடாத கறுப்புக் குமிழ். மதலைமுத்து குடையை ஓங்கினார். குடை நகரவில்லை. தெருவிலிருந்து ஓடி வந்த பெரியகருப்பன் அதன் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“அணைக்கக் கூடாது! அவ வெளக்கு! அணைஞ்சா இந்தக் குடும்பமே...”

“குடும்பமே எரியப்போகுதுய்யா!”

“என் பொணத்தைத் தாண்டிப் போங்க!”

பாரூக் அவரை இழுத்தான். அவர் அவனையும் சேர்த்து இழுத்தார். புகை இப்போது பெட்டியின் மூடியை மறைத்தது.

யாரோ அவர்களைக் கடந்து போனார்கள்.

சண்முகவள்ளி நிலைப்படியைத் தாண்டினாள். முதலில் மூங்கில் பெட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளங்கையால் அந்தக் குமிழை மேலே தட்டினாள். அசையவில்லை. மறுபடி அடித்தாள். சந்தனம் உதிர்ந்தது.

விளக்கு அணைந்தது.

கூடத்து பல்பு மட்டும் எரிந்தது. சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

“சிவனம்மா... ஏன் ஆத்தா அணைச்சுப்புட்ட? குளிருமேடி உனக்கு...”

பெரியகருப்பன் குடையை விட்டுவிட்டார். அது ஆணின் குரல்.

கொல்லைப்புறம் ஓடினார்கள். பூட்டு தொங்கவில்லை, கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பாரூக்கின் இரண்டாவது உதையில் திறந்தது. கட்டிலில் பொம்மையன் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. மடியில் அந்தக் கம்பளி. எதிரே ஹீட்டரின் கம்பிகள் சிவப்பிலிருந்து கறுப்புக்கு மெல்ல மாறிக்கொண்டிருந்தன. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாரூக் ஓட்டைக்குள் கனன்றுகொண்டிருந்த வயரைப் பிடுங்கி வெளியே இழுத்து மண்ணில் போட்டு மிதித்தான். பிறகு மதலைமுத்துவிடம் திரும்பினான்.

“உங்களுக்கு முன்னமே தெரியுமாண்ணே?”

“சுருட்டுக்காரர் காதுலயும் தரையிலயும் எரிஞ்ச குச்சிதான் கிடக்கும். ப்ளக்குல அடைக்க அவருக்குப் புதுக்குச்சி எதுக்கு? தண்ணி பாய்ச்சிட்டு வர்றவர் சட்டை நனையும், காலும் நனையணும்ல. ஆனா அந்த ஒட்டடை படிஞ்ச பாயிண்டுதான் ஆளைக் காட்டிக் குடுத்துது. விரட்டணும்னு நினைக்கிறவன் சுலபமான ப்ளக்கைத்தான் தேடுவான். இந்த ஆளுக்கு அந்த வயர்தான் வேணும். சாமி வெளக்குல இருந்து எடுத்து இன்னொரு வெளக்குப் பொருத்துவோம் பாரு, அது மாதிரி.”

பொம்மையன் தலையை ஆட்டினார்.

“அவ வெளக்குச் சூடுதான் அவளுக்குச் சேரும்னு நெனச்சேங்க” என்றார். “கடைசி நாள்ல பல்லு கிட்டிப்போயி நடுங்குனா. கொடைக்கானல்ல இருந்து இதை வாங்கியாந்து, இந்தா இருக்கே பெரிய ப்ளக், அதையும் வச்சு முடிச்ச அன்னிக்கி மூணு மணிக்கு... மாட்டக்கூட இல்ல. அப்புறம் வயரோட நுனியை எலி கடிச்சிருச்சு. அப்படியே கெடந்துச்சு. எனக்கு இன்னொருத்தி வந்ததும் அவளுக்கு மறுபடி குளிருமேன்னு தோணுச்சு. கடையில, ‘எத்தனை ஆம்பியர்’னு கேட்டான். ‘சாமி வெளக்குல இருக்குறது மாதிரியே குடு’ன்னேன்.”

“சுவர் சுட்டது?”

“சூடு போயிச் சேந்துருச்சுன்னு அர்த்தம்னு நெனச்சேன்.” அவர் குரல் இறங்கியது. “தொட்டுப் பாப்பேன். உடம்பாட்டமே இருக்கும்.”

வாசலில் சண்முகவள்ளி நின்றிருந்தாள். இடுப்பில் இன்னும் அந்த மூங்கில் பெட்டி. பேசியபோது அவள் சத்தமே போடவில்லை.

“அக்கா என்னைய வேண்டாங்கறாங்கன்னு ஊரே சொல்லுச்சுங்க. அஞ்சு மாசம். நானும் நம்பி, தெனமும் வாசல்ல நின்னு அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேனுங்க. அது நீங்கன்னு உங்களுக்குத் தெரியும். என்ற பெட்டியச் சுத்திக்கிட்டுப் போனீங்களே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுங்க.”

பொம்மையன் கம்பளியை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

மெயின் ரோட்டில் பழனி பஸ் ஹாரன் அடித்தது. பெரியகருப்பன் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

சண்முகவள்ளி திரும்பி வீட்டுக்குள் நடந்தாள். சாமி அறைக்குள் போனாள். இந்தத் தடவை நிலைப்படியில் கால் தயங்கவில்லை. பெட்டியைப் பழைய இடத்தில் வைத்தாள். சேலையின் கருகிய விளிம்பை உள்பக்கமாக மடித்தாள். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

“இன்னும் சுடுதுங்க.”

“செங்கல்லும்மா. ஆறச் செத்த நேரமாகும்” என்றான் பாரூக். அவன் குரலில் கிண்டல் இல்லை. பல்பு ஹோல்டரில் இருந்து அதிகப்படி வயரை வெட்டி, ஃபியூஸுக்கு மெல்லிய கம்பி கட்டிக்கொண்டிருந்தான்.

அவள் கையை எடுக்கவில்லை. ஹாரன் இரண்டாம் முறை அடித்தது. பஸ் கிளம்பிப் போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது. கூடத்துக் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

“விட்டுருச்சுங்க” என்றாள் கடைசியில்.

கறுப்புக் குமிழைக் கீழே தட்டினாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

“அக்கா வெளக்கு எரியட்டுமுங்க” என்றாள், வாசலில் வந்து நின்ற பொம்மையனிடம். “ஆனா இனிமே சாயங்காலம் போட்டு, விடிஞ்சதும் நான் அணைப்பேன். என்ற பெட்டிய எடுத்துட்டு வாங்க.”

பொம்மையன் குனிந்து தகரப் பெட்டியைத் தூக்கினார்.